மிளகாயில் இத்தனை பூச்சியா? எதை அடிப்பது, எதை விடுவது

திருவையாறு பக்கம் கொள்ளிடப் படுகையில் அரை ஏக்கர் மிளகாய் போட்டிருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "சம்பா அறுத்த கையோடு நட்டேன். இப்போது பூவும் பிஞ்சுமாக நிற்கிறது, ஆனால் இலை சுருள்கிறது. செடியில் ஏழெட்டு வகைப் பூச்சி தெரிகிறது. எல்லாம் சாக ஒரே மருந்து சொல்லுங்கள்."

ஒரே மருந்து கிடையாது. இருந்தாலும் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அந்த ஏழெட்டில் பாதி உங்களுக்காகச் சம்பளமில்லாமல் வேலை பார்ப்பவை.

முதலில் இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். விளிம்பு மேல்நோக்கி மடங்கிப் படகு மாதிரி இருந்தால் இலைப்பேன், சாறு உறிஞ்சும் பொடிப் பூச்சி. கீழ்நோக்கி மடங்கி, காம்பு நீண்டு, இலை கரும்பச்சையாகத் தடித்திருந்தால் முரணைச் சிலந்தி. இது பூச்சியே இல்லை, எட்டுக்கால் இனம், லென்ஸ் இல்லாமல் கண்ணுக்குத் தெரியாது. இதைப் பார்க்காமல்தான் பலர் இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிமருந்தை அடித்துவிட்டு "கேட்கவே இல்லை" என்கிறார்கள். அது சிலந்தியைக் கொல்லாது. சிலந்திக்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்), அதுவும் உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். பைரித்ராய்டு வகை மருந்துகளை அடிக்கடி அடித்தால் சிலந்தியைத் தின்னும் உயிர்களும் சேர்ந்து செத்து, சிலந்தி இன்னும் பெருகும். இலை மேல்நோக்கிச் சுருண்டு, சிறுத்து, மஞ்சளாகி, செடியே கொத்தாகக் குட்டையாகிவிட்டால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். மருந்தில்லை, பிடுங்கிப் புதையுங்கள்.

அப்புறம், காலையில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பூங்கொத்தை அதன்மேல் தட்டுங்கள். மெல்லிய ஊசி மாதிரி ஓடுவது இலைப்பேன். பூவுக்குள் கருப்பாகக் கூட்டமாக இருந்தால் கவனம். 2021இல் ஆந்திரா, தெலங்கானா மிளகாயை நாசம் செய்த கருப்பு இலைப்பேனாக இருக்கலாம், வேளாண் அலுவலரிடம் அந்தப் பூவையே கொண்டுபோய்க் காட்டுங்கள். இலைப்பேன் முட்டையை இலைத் திசுவுக்குள் வைக்கும், கூட்டுப்புழுப் பருவம் பெரும்பாலும் மண்ணில், இரண்டுக்கும் மருந்து எட்டாது, அதனால் ஒரு தடவை அடித்துவிட்டு முடிந்தது என்று உட்கார முடியாது.

சாறு உறிஞ்சும் அசுவினி (செடிப்பேன்) இருக்கும் குருத்தில் எறும்பு ஊரும். அங்கேயே முதலை போல ஒரு சின்னக் கருப்புப் புழு இருந்தால் கை வைக்காதீர்கள், அது அசுவினியைத் தின்னும் பொறிவண்டின் குட்டி. பெரியதைப் பார்த்துச் சும்மா விடுபவர்கள் குட்டியை நசுக்கிவிடுகிறார்கள்! முடி நுனியில் வெள்ளைப் புள்ளி வைத்தாற்போல் இலையில் நிற்பது கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை, அதன் புழுவும் அசுவினியைத் தின்னும், அதையும் விடுங்கள். காயில் ஓட்டை போடும் புழு மட்டும் கண்டால் பொறுக்கிப் போடுங்கள், ஓட்டைக் காயையும் சேர்த்து.

பூச்சி அளவோடு இருக்கும்போதே வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ராத்திரி ஊறவைத்து வடிகட்டி 100 லிட்டராக்கி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்தால் உங்கள் அரை ஏக்கருக்குச் சரியாக இருக்கும். சாயந்திரம் அடியுங்கள்: வெயிலில் வேம்பின் வீரியம் குறையும், காலையில் பூவுக்குத் தேனீ வரும்.

அடுத்த பட்டத்தில் வரப்போரம் இரண்டு வரிசை மக்காச்சோளம், ஊடே கொஞ்சம் தட்டைப்பயறு போடுங்கள். தட்டைப்பயறு அசுவினியைத் தேடிப் பொறிவண்டு முன்கூட்டியே வந்துவிடும். வெங்காயத்தை மட்டும் மிளகாயோடு கலக்காதீர்கள், இலைப்பேனுக்கு இரண்டும் பிடிக்கும்.