இயேசுவோடு நெருங்கிப் பழக: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அக்கா, சிறுவயதிலிருந்தே ஆலயத்துக்குப் போகிறேன். ஆனால் "இயேசுவோடு தனிப்பட்ட உறவு" என்று மற்றவர்கள் சொல்வது எனக்குப் பிடிபடவே இல்லை. எங்கே தொடங்குவது?

பதில்: இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் சுவிசேஷத்தில் தொடங்குங்கள், தம்பி. நமக்குப் பிரசங்கங்கள் தெரியும், பாடல்கள் மனப்பாடம். ஆனால் இயேசு யாரிடம் என்ன கேட்டார், எதற்குக் கோபப்பட்டார், யாரைக் கண்டு மனதுருகினார் என்று கேட்டால் தடுமாறுகிறோம். யாரென்றே தெரியாதவரை நேசிப்பது எப்படி? மாற்கு எழுதிய சுவிசேஷம் மொத்தம் 16 அதிகாரம்தான். ஒரே மூச்சில் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். ஒருமுறை அப்படி வாசித்துவிட்டு, அடுத்த முறை ஒவ்வொரு சம்பவமாக நின்று வாசியுங்கள்.

10-ஆம் அதிகாரத்தில் பர்திமேயு வருகிறான். பார்வையில்லாதவன், வழியோரம் பிச்சை எடுப்பவன். கூட்டம் அவனை அதட்டுகிறது. அவன் இன்னும் சத்தமாகக் கூப்பிடுகிறான். இயேசு நின்றுவிடுகிறார். அவனை வரச்சொல்லி, "நான் உனக்கு என்னசெய்யவேண்டும் என்றிருக்கிறாய்" என்று கேட்கிறார். அவனுக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் அவன் வாயால் கேட்க விரும்புகிறார். அந்தக் கேள்வியை இன்று உங்களிடமே கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு, உண்மையான பதிலைச் சொல்லுங்கள். அதுதான் ஜெபம். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கிகோ என்ற துறவி இந்த வழியை நான்கு படிகளாக எழுதிவைத்தார்: வாசிப்பு, தியானம், ஜெபம், பிறகு பேச்சில்லாமல் அவர் சமுகத்தில் அமர்ந்திருப்பது. நம்மில் பலர் முதல் படியோடு எழுந்து போய்விடுகிறோம்.

கேள்வி: ஜெபிக்க முழங்கால் போட்டால் ஐந்து நிமிடத்தில் மனம் எங்கெங்கோ ஓடுகிறது.

பதில்: எங்கே ஓடுகிறதோ அதையே ஜெபமாக்குங்கள். கடனைப் பற்றிய கவலைக்கு ஓடினால், கடனைப் பற்றி அவரிடம் பேசுங்கள். வாய்விட்டுச் சொல்வதும், நடந்துகொண்டே ஜெபிப்பதும் பலருக்கு உதவும்.

கேள்வி: கைக்குழந்தை இருக்கிறது, அக்கா. அதிகாலை ஜெபம் விட்டுப்போய் மாதக்கணக்காகிறது. குற்ற உணர்வு தாங்கவில்லை.

பதில்: அந்தக் குற்ற உணர்வைக் கர்த்தர் உங்கள்மேல் வைக்கவில்லை, மகளே. இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்தில் ஜெபித்தார் என்று மாற்கு 1:35 சொல்வது உண்மைதான். அது அவர் பிதாவை எவ்வளவு தேடினார் என்பதைக் காட்டுகிறது. இரவெல்லாம் விழித்திருக்கும் தாயை அடிக்கிற கோலாக அந்த வசனத்தை எடுக்கக்கூடாது. 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் கார்மேல் மடத்துச் சமையலறையில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸ், பாத்திரங்களின் நடுவிலேயே தேவனோடு பேசப் பழகினார். குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரத்தில் ஒரு சங்கீதத்தின் ஒரே வசனத்தை மெதுவாகச் சொல்லுங்கள். இந்தக் காலத்துக்கு அது போதும்.

கேள்வி: வேதம் வாசிக்கிறேன், ஜெபிக்கிறேன், உபவாசமும் இருக்கிறேன். ஆனால் உள்ளே எதுவுமே உணரவில்லை. தேவன் என்னைக் கைவிட்டுவிட்டாரா?

பதில்: இல்லை. உணர்வு போனதால் உறவு போய்விட்டது என்று அர்த்தமில்லை. 13-ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள்: ஆரம்பத்திலேயே "எதுவரைக்கும்" என்று நான்குமுறை கேட்கிறான் தாவீது. 88-ஆம் சங்கீதம் ஆறுதலாக ஒரு வரிகூட இல்லாமல் முடிகிறது, ஆனாலும் அது வேதத்தில் இருக்கிறது! சிலுவையில் இயேசுவே 22-ஆம் சங்கீதத்தை எடுத்து, "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கதறினார். ஆகவே அழகான வார்த்தை தேடாதீர்கள். "எனக்கு எதுவும் தெரியவில்லை, ஆனாலும் உம்மிடம்தான் பேசுகிறேன்" என்று சொல்லுங்கள். அது விசுவாசமுள்ள ஜெபம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாகவேண்டும் என்று கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குக் கர்த்தர் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார், தூதனை அனுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டார். உங்களுக்குத் தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால், வாழ்க்கையே வெறுத்துப்போயிருந்தால், தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். உபவாசத்தையும் இப்போதைக்கு நிறுத்துங்கள். இது அவிசுவாசம் ஆகாது.

கேள்வி: அதே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன். அவர் முகத்தில் விழிக்கவே வெட்கமாக இருக்கிறது.

பதில்: இயேசுவின் சீஷனான பேதுரு, அவரைத் தெரியாது என்று மூன்றுமுறை மறுதலித்தபோது எங்கே நின்றான்? கரிநெருப்பு அருகே, குளிர்காய்ந்துகொண்டு (யோவான் 18). உயிர்த்தெழுந்த இயேசு கரையில் அவனுக்காகக் காத்திருந்தபோதும் அங்கே கரிநெருப்பு இருந்தது, அதன்மேல் மீன். முதலில் சாப்பிடச் சொன்னார். பிறகுதான் கேட்டார், அதுவும் "ஏன் மறுதலித்தாய்" என்று கேட்கவில்லை. "என்னை நேசிக்கிறாயா" என்று மூன்றுமுறை கேட்டார். வெட்கத்தோடேயே வாருங்கள், தம்பி. பாவத்தைப் பேர் சொல்லி அறிக்கையிடுங்கள். நம்பிக்கையான, முதிர்ந்த விசுவாசி ஒருவரிடமும் சொல்லுங்கள். ஒளித்துவைக்கும்வரை அதற்குப் பலம் அதிகம்.

கேள்வி: சபையில் மிகவும் காயப்பட்டேன். இயேசுவும் நானும் மட்டும் போதாதா?

பதில்: காயப்படுத்தியவர்களிடமே திரும்பிப் போகவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆற நேரம் எடுங்கள். ஆனால் தனியாகவே இருந்துவிடாதீர்கள். இயேசு சிலுவையில் மரித்தபின் எம்மாவு என்ற ஊருக்குப் போன வழியில் இரண்டு சீஷர்கள் துக்கத்தோடு பேசிக்கொண்டு நடந்தபோதுதான், உயிர்த்தெழுந்த அவர் கூட வந்து சேர்ந்தார். உங்களோடு நடக்க ஒரே ஒருவர் கிடைத்தாலும் அங்கிருந்து தொடங்கலாம்.

கேள்வி: பாதி நம்புகிறேன், பாதி சந்தேகம். இப்படி இருந்துகொண்டு ஜெபிக்கலாமா?

பதில்: தாராளமாக. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடே கத்திய தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லை. அவன் மகனைக் குணமாக்கினார். மாற்கு 9:14 முதல் 29 வரை வாசித்துவிட்டு, அவன் சொன்னதையே இந்த வாரம் உங்கள் ஜெபமாகச் சொல்லிவாருங்கள்.