ஸ்பேனருக்கு முன்னே மல்டிமீட்டர்: வாகனத் தொழில்நுட்பம் பயில விரும்பும் மாணவர்களுக்கான கேள்வி பதில்

கேள்வி (இயற்பியல் ஆசிரியர்): என் மாணவர்களில் சிலர் வாகனப் பழுதுநீக்கும் தொழிலுக்குச் செல்ல விரும்புகின்றனர். என் பாடத்தில் எந்தப் பகுதி அவர்களுக்கு உண்மையில் பயன்படும்?

பதில்: மின்னோட்டத்தைத் தடையால் பெருக்கினால் மின்னழுத்தம் கிடைக்கும் என்னும் ஓம் விதி. அதைக் கணக்காக மட்டும் நடத்தி முடித்துவிடாமல், ஸ்டார்ட்டர் மோட்டாரின் மின்சுற்றைக் கொண்டு விளக்கிப் பாருங்கள். எஞ்சினைச் சுழற்றும்போது அந்த மோட்டார் 150 ஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். பேட்டரி முனையில் பூத்திருக்கும் உப்பு 0.01 ஓம் தடையைக் கூட்டினாலே 1.5 வோல்ட் அங்கேயே இழக்கப்பட்டுவிடும். வண்டி நின்றிருக்கும்போது அதே இணைப்பைச் சோதித்தால், மின்னழுத்தம், தடை ஆகியவற்றை அளக்கும் சாதாரண மல்டிமீட்டர் அவ்வளவு சிறிய தடையை நம்பத்தக்கவாறு காட்டுவதில்லை என்பதால், இணைப்பு நன்றாக இருப்பதாகவே தோன்றும். ஆகவே மின்சுற்றில் மின்னோட்டம் பாய்ந்து அது சுமையோடு இயங்கும்போதுதான் மின்னழுத்த இழப்பை அளக்க வேண்டும். இதை விளங்கிக்கொண்ட மாணவர் நல்ல ஸ்டார்ட்டரைக் கழற்றி வீசமாட்டார். பக்க இணைப்புப் பாடத்துக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு: வாகனத்தின் கணினிகளை இணைக்கும் அதிவேகக் கேன் (CAN) தகவல் தடத்தின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை இருப்பதால், பேட்டரியைத் துண்டித்துவிட்டு அளந்தால் ஏறத்தாழ 60 ஓம் கிடைக்கும், 120 என்று காட்டினால் ஒரு முனையின் தொடர்பு அறுந்திருக்கிறதா என்று தேட வேண்டும்.

கேள்வி (பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்): ஸ்கேன் கருவியைச் செருகினால் அதுவே பழுதைச் சொல்லிவிடுகிறதே, இவ்வளவும் கற்க வேண்டுமா?

பதில்: வாகனக் கணினியில் பதிவான குறியீடுகளைப் படிக்கும் அக்கருவி சொல்வது அறிகுறியை, பழுதை அன்று. பி0171 (P0171) என்ற குறியீடு, எஞ்சினின் முதல் வரிசைச் சிலிண்டர்களில் காற்றுக்கு ஏற்ற அளவு எரிபொருள் இல்லை என்பதை மட்டுமே தெரிவிக்கிறது. உள்ளிழுக்கும் குழாயின் விரிசல், காற்றளவைக் கணிக்கும் சென்சாரில் படிந்த அழுக்கு, வலுவிழந்த எரிபொருள் பம்ப் ஆகியவற்றுள் எதுவும் அதற்குக் காரணமாகலாம். குறியீட்டைக் கண்டவுடன் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிக் கொடுத்துவிட்டு, மறுநாளே எச்சரிக்கை விளக்கு எரியத் திரும்பி வந்த வண்டியின் முன் தலைகுனிந்து நின்றவர்களுள் நானும் ஒருவன்.

கேள்வி (ஒரு மாணவரின் தாய்): என் மகனுக்குப் படிப்பு ஏறவில்லை. அதனால் இத்துறையில் சேர்த்துவிடலாமா?

பதில்: அவருக்கு விருப்பம் இருந்தால் சேர்க்கலாம், "அதனால்" என்ற காரணத்தை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. வயரிங் வரைபடத்தைப் படித்துப் புரிந்துகொள்வதும், பழுதுநீக்கக் கையேட்டின் நடைமுறையை வரி பிசகாமல் பின்பற்றுவதும், என்ன சோதித்தோம், என்ன கண்டோம் என்பதைப் பிறருக்கு விளங்குமாறு எழுதுவதும் இத்தொழிலின் அன்றாட வேலைகள். தேர்வுத்தாளில் தடுமாறும் பிள்ளைகள் சிலர், கையில் ஒரு பொருளைக் கொடுத்ததும் அதே கணக்கை எளிதாகப் போட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மகன் அத்தகையவரா என்பதைச் சேர்ப்பதற்கு முன்பே ஒரு பணிமனையில் சில வாரங்கள் உடனிருந்து பார்க்கச் செய்து அறிந்துகொள்ளுங்கள்.

கேள்வி (பதினொன்றாம் வகுப்பு மாணவி): இதற்கு அதிக உடல்வலிமை தேவையா?

பதில்: பெரும்பாலும் இல்லை. நீளமான கைப்பிடியும் பளுதூக்கும் கருவியும் அதைப் பார்த்துக்கொள்ளும். போல்ட்டைக் குறித்த அளவுக்கே இறுக்கும் நிதானம்தான் தேவை. பலசாலிகள் இழை தேய்த்துக் கெடுத்த போல்ட்டுகள் ஏராளம்.

கேள்வி (பதின்ம வயது மாணவர்): மின்சார வாகனங்கள் வந்துவிட்டன. இனியும் எஞ்சினைக் கற்பது வீண்தானே?

பதில்: பிரேக், சஸ்பென்ஷன், ஸ்டியரிங், 12 வோல்ட் மின்சுற்று ஆகியவை பெரும்பாலான மின்சார வாகனங்களிலும் இருக்கின்றன, எஞ்சின் வண்டிகளும் நெடுங்காலம் சாலையில் ஓடும். ஆனால் ஒன்றில் உறுதியாக இருங்கள்: மின்சார வாகனங்களை ஓட்டும் இழுவை பேட்டரி 400 வோல்ட், சிலவற்றில் 800 வோல்ட் அளவில் இயங்குவதால், உரிய பயிற்சியும் மேற்பார்வையும் இன்றி அந்த உயர் மின்னழுத்தத்தைக் கொண்டுசெல்லும் ஆரஞ்சு நிறக் கேபிள்களை எந்த மாணவரும் தொடக் கூடாது. இணைப்பைத் துண்டித்த பின்பும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால், தயாரிப்பாளர் குறித்துள்ள நேரம் காத்திருந்து, மின்னழுத்தம் இல்லை என்பதை அளந்து உறுதிசெய்த பிறகே பயிற்சி பெற்றவர்களும் வேலையைத் தொடங்குவார்கள்.

கேள்வி (தொழிற்கல்வி ஆசிரியர்): எங்கள் பள்ளியில் கருவிகள் மிகக் குறைவு. எதை முதலில் வாங்குவது?

பதில்: பாதுகாப்புக் கண்ணாடிகளும், வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டுகளும் முதலில், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் எவரும் நுழையக் கூடாது. அடுத்து மல்டிமீட்டர்களை, இருவருக்கு ஒன்று வீதம், வாங்குங்கள். பிறகு ஓடும் நிலையிலுள்ள ஒரு பழைய வண்டி போதும். வகுப்புக்கு முன் நீங்களே ஒரு ஃபியூஸைக் கெட்டதாக மாற்றிவைத்தோ, எர்த் இணைப்பைத் தளர்த்தியோ ஒரு பழுதை உண்டாக்கிவிட்டு, எந்தப் பாகத்தையும் கழற்றாமல் அளவீடுகளைத் தாளில் எழுதிக் காரணத்தைக் கூறுமாறு மாணவர்களிடம் கேளுங்கள். மதிப்பெண்ணை விடைக்கு அன்றி அந்தத் தாளுக்கே வழங்குங்கள்.