வெள்ளிக் கரண்டியோடு பிறந்தவர்கள்: கேள்வி பதில்

கே: ஐயா, பணக்காரர் யாரையும் 'பார்ன் வித் எ சில்வர் ஸ்பூன்' என்று சொல்லலாமா?

ப: கூடாது. பிறக்கும்போதே வீட்டில் செல்வம் இருந்திருக்க வேண்டும். தானே பாடுபட்டுக் கோடீஸ்வரர் ஆனவரை இப்படிச் சொன்னால் கோபம் வரும், நியாயமாகவே. பாராட்டு என்றும் நினைத்துவிடாதீர்கள். 'உழைக்காமல் வந்தது' என்ற குத்தல் உள்ளேயே இருக்கிறது. முதலாளிக்கு வாழ்த்துரை எழுதுகிறவர்கள் கவனம்.

கே: கரண்டி ஏன்?

ப: இங்கிலாந்தில் ஞானஸ்நானத்தின்போது ஞானப் பெற்றோர் குழந்தைக்கு வெள்ளிக் கரண்டி பரிசளிப்பார்கள். பிடியின் நுனியில் அப்போஸ்தலர், அதாவது இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவரின் உருவம் இருக்கும். வசதியுள்ளவர் பன்னிரண்டையும் கொடுப்பார், மற்றவர் ஒன்றோடு நிறுத்திக்கொள்வார். அந்தஸ்து அங்கேயே தெரிந்துவிடும். 'டான் கிஹோட்டே' என்ற ஸ்பானிய நாவலுக்கு பீட்டர் மோட்டோ செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, இந்தத் தொடர் வந்துவிட்டது.

கே: வெள்ளிக் கரண்டியில் சாப்பிட்டுத் தோல் நீலமானதால்தான் பிரபுக்களை 'ப்ளூ பிளட்' என்றார்களாமே?

ப: வாட்ஸ்அப்பில் வந்ததா? அது ஸ்பானிய மொழியின் 'சாங்ரே அசுல்', அதாவது 'நீல ரத்தம்'. ஸ்பெயினின் காஸ்டீல் பகுதியின் பெரிய குடும்பங்கள், தங்கள் ரத்தத்தில் மூர் (வட ஆப்பிரிக்க முஸ்லிம்), யூதக் கலப்பு இல்லை என்று பீற்றிக்கொண்டன. வெளுத்த தோலில் ரத்தக்குழாய் நீலமாகத் தெரிகிறதாம், அதுதான் அத்தாட்சி! ஆங்கிலத்தில் இது பரவியது 19-ஆம் நூற்றாண்டில்.

கே: வெள்ளியால் தோல் நீலமாகும் ஆர்ஜீரியா நோய் நிஜம்தானே? மருத்துவப் புத்தகத்திலேயே இருக்கிறது.

ப: நோய் நிஜம். வெள்ளி கலந்த மருந்தை நெடுநாள் குடித்தவர்களுக்கு வந்திருக்கிறது. அதைக் கொண்டுவந்து இந்தச் சொல்லோடு கட்டுவது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போடும் முடிச்சு. கதை எவ்வளவு கச்சிதமோ அவ்வளவு சந்தேகப்படுங்கள்.

கே: மேல்தட்டு மக்களை 'அப்பர் க்ரஸ்ட்' என்பது? ரொட்டியின் கருகிய அடி வேலையாளுக்கு, மேல்பாகம் பிரபுவுக்கு என்று படித்தேன்.

ப: 1999-இல் மின்னஞ்சலில் சுற்றிய கட்டுக்கதை. மேலே சொன்ன எச்சரிக்கையை இன்னொரு முறை படியுங்கள்.

கே: அந்தஸ்தில் தாழ்ந்தவர்களை 'பிலோ த சால்ட்' (உப்புக்குக் கீழே) என்பதும் கதைதானா?

ப: இல்லை, அது அசல். நீண்ட விருந்து மேசையில் உப்புக் கிண்ணம்தான் எல்லைக்கோடு. பிரபுவின் பக்கம் மேலோர், அந்தப்பக்கம் மற்றவர். 1597-இல் ஜோசப் ஹால் எழுதிய அங்கதக் கவிதையில், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வருகிறவர் உப்புக்கு மேலே உட்காரவே கூடாது என்பது ஒரு நிபந்தனை. படித்தவனுக்கு அவ்வளவுதான் மரியாதை.

கே: சொந்த உழைப்பில் முன்னேறியவரை சில்வர் ஸ்பூன் எனலாமா?

ப: முதல் பதில்.

கே: ஆர்ஜீரியா பற்றி இன்னும்...

ப: தோல் மருத்துவரிடம் கேளுங்கள்.

கே: கேலிக்குப் பயன்படுத்தியதில் உங்களுக்குப் பிடித்தது?

ப: 1988 அமெரிக்க ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அக்கட்சியின் ஆன் ரிச்சர்ட்ஸ் பேசியது. எதிர்க்கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் புஷ் (மூத்தவர்), வாயில் வெள்ளிக் கரண்டிக்குப் பதில் வெள்ளிப் பாதத்தோடு பிறந்தவர் என்றார். வாய்தவறி உளறுவதை 'வாயில் கால் வைப்பது' என்பார்கள் ஆங்கிலத்தில். பிறப்பு, உளறல் இரண்டுக்கும் ஒரே அடி.