நியூஸ் கார்டு, டெண்டர் ஓட்டு, 100 கோடி போஸ்டர்

கே: தலைவர் ஒருவர் பேசியதாக ஒரு நியூஸ் கார்டு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றுகிறது. சேனல் லோகோ, தேதி எல்லாம் சரியாக இருக்கிறது. அசலா, போலியா என்று எப்படிப் பார்ப்பது? – ஆர்.எஸ்., திண்டுக்கல்

ப: லோகோவையும் தேதியையும் பார்த்து ஏமாறாதீர்கள். போலி செய்கிறவர் பெரும்பாலும் எதையும் புதிதாக வரைவதில்லை. சேனல் நிஜமாகவே வெளியிட்ட கார்டை எடுத்து, வாசகத்தை மட்டும் அழித்துவிட்டு வேறொன்றை ஒட்டுகிறார். அதனால் மற்றதெல்லாம் சுத்தமாக இருக்கும், மாட்டிக்கொள்வது எழுத்துருதான். அதே சேனலின் இன்னொரு கார்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டையும் பெரிதாக்குங்கள். 'ற', 'ழ' வளைவு வேறு மாதிரி இருக்கும். வரிகள் நெருக்கியடித்து நிற்கும். பழைய எழுத்தை அழித்த இடத்தில் பின்னணி நிறம் லேசாக மாறியிருக்கும். சந்திப்பிழையை மட்டும் ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது அசல் கார்டிலும் தாராளமாகக் கிடைக்கும்.

அடுத்து, சேனலின் எக்ஸ், ஃபேஸ்புக், இன்ஸ்டா பக்கங்களில் அந்தத் தேதிக்குப் போங்கள். அங்கே இல்லை என்பதாலேயே போலி என்று ஆகிவிடாது; வம்பு வந்ததும் சேனலே தூக்கிவிடுவதும் உண்டு. கார்டை கூகுள் லென்ஸில் கொடுத்தால் எழுத்தைப் பிரித்துத் தரும். அதில் ஐந்தாறு சொற்களை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். தலைவர் உண்மையிலேயே ஏடாகூடமாகப் பேசியிருந்தால் போட்டி சேனல் வீடியோவோடு பிடித்திருக்கும். வீடியோவும் இல்லை, எந்த ஊரில் எப்போது பேசினார் என்றும் இல்லை என்றால், ஃபார்வர்டு பட்டனிலிருந்து கையை எடுத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப் காட்டும் இரட்டை அம்புக்குறிக்கு, அந்தச் செய்தி குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது என்று பொருள். 2020 ஏப்ரல் முதல் அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். ஆனால் நடுவில் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டால் அம்பு மறைந்து, பச்சைப் புது மெசேஜாகிவிடும்.

கே: நம் ஓட்டை வேறு யாராவது போட்டுவிட்டால், '49-பி' என்று சொன்னால் போதுமாமே? – எம்.கே., தென்காசி

ப: கள்ள ஓட்டைக் கதையாக்கிய விஜய்யின் 'சர்கார்' படம் 2018 தீபாவளிக்கு வந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை. 49-பி என்பது சட்டப்பிரிவு அல்ல. 1961-ம் ஆண்டின் தேர்தல் நடத்தும் விதிகளில் ஒன்று. வாக்குச்சாவடி தலைமை அலுவலரிடம் சொல்லுங்கள். அவர் சில கேள்விகள் கேட்பார். பட்டியலில் உள்ள ஆள் நீங்கள்தான் என்று திருப்தியானால், அதற்கென்று உள்ள படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அச்சிட்ட வாக்குச்சீட்டு தருவார். மெஷின் பக்கம் விடமாட்டார். மறைவில் போய் முத்திரை குத்தி, மடித்து அவரிடமே கொடுக்க வேண்டும். அது தனி உறைக்குள் போகும். இதைத்தான் டெண்டர் ஓட்டு என்கிறார்கள்.

'49-பி' பற்றிச் சுற்றும் மெசேஜ்கள் சொல்லாமல் விடுவது இதற்குப் பிறகுதான். அந்த உறையை வாக்கு எண்ணும் நாளில் பிரிக்க மாட்டார்கள். மெஷினில் விழுந்த கள்ள ஓட்டுதான் கணக்கில் வரும். தேர்தல் வழக்குப் போட்டு, நீதிமன்றம் உத்தரவிட்டால்தான் உங்கள் சீட்டுக்கு உயிர். அது நடந்தும் இருக்கிறது. 2008-ல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் சி.பி.ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். டெண்டர் ஓட்டுச் சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. வித்தியாசம் ஆயிரக்கணக்கில் இருந்தால் உங்கள் சீட்டு உறையிலேயே தூங்கும். காலை ஏழு மணிக்கே பூத்துக்குப் போவது இதைவிடப் பயன் தரும்.

ஆள்மாறாட்டம் செய்ய வந்தவரைப் பூத் ஏஜென்ட் அங்கேயே தடுக்கலாம். அதற்கு அவர் கட்ட வேண்டிய டெபாசிட் 2 ரூபாய்!

கே: டெபாசிட் கணக்கில் நோட்டா சேருமா? – ஜி.வி., நாகப்பட்டினம்

ப: சேராது. வேட்பாளர் கட்டிய டெபாசிட் திரும்பக் கிடைக்க, எல்லா வேட்பாளர்களுக்கும் விழுந்த செல்லுபடியான ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டும். 1,80,000 என்றால் 30,001 தேவை; சரியாக 30,000 வாங்கினால் பணம் போச்சு. டெபாசிட் தொகை சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய், மக்களவைக்கு 25,000. எஸ்.சி., எஸ்.டி. வேட்பாளர்களுக்குப் பாதி.

கே: '100 கோடி வசூல்' போஸ்டர் ஒட்டிய படத்துக்கே நஷ்டம் என்கிறார்களே, எப்படி? – பி.என்., ஈரோடு

ப: போஸ்டரில் இருப்பது கிராஸ், அதாவது டிக்கெட் விற்ற மொத்தப் பணம். விநியோகஸ்தர் கைக்கு வருவது ஷேர். ஒரு 190 ரூபாய் டிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். 18 சதவீத ஜி.எஸ்.டி. 29 ரூபாய் போக 161. உள்ளாட்சி கேளிக்கை வரியும் கழிந்தால் 150-ஐ ஒட்டி நிற்கும். அதைத் தியேட்டரும் விநியோகஸ்தரும் பிரித்துக்கொள்கிறார்கள். பெரிய நடிகர் படத்துக்கு முதல் வாரம் 70 சதவீதம் என்று பேசியிருந்தால் 105 ரூபாய் வரும். அடுத்தடுத்த வாரங்களில் இந்தச் சதவீதம் இறங்கும். 100 கோடி கிராஸில் ஷேர் பாதியை ஒட்டித்தான் தேறும். படத்தை 60 கோடிக்கு எம்.ஜி.யில் (மினிமம் கேரண்டி; ஓடினாலும் ஓடாவிட்டாலும் தயாரிப்பாளருக்குக் கொடுத்தாக வேண்டிய தொகை) வாங்கியவருக்குப் போஸ்டர் ஒட்டிய பசை காசும் நஷ்டம்தான்.

தென் கொரியாவில் அரசு சார்ந்த திரைப்படக் கவுன்சிலே டிக்கெட் எண்ணிக்கையை வெளியிடுகிறது. இங்கே அப்படி எதுவும் இல்லாததால் ஒரே படத்துக்கு நாலு டிராக்கர் (வசூலைக் கணித்துச் சொல்கிறவர்), நாலு கணக்கு.

கே: ஹேஷ்டேக் டிரெண்டிங்கை மக்கள் ஆதரவு என்று எடுத்துக்கொள்ளலாமா? – எஸ்.ஏ., மதுரை

ப: எக்ஸ் தளம் பார்ப்பது மொத்த எண்ணிக்கையை விட வேகத்தை. அதனால்தான் கட்சிகளின் ஐ.டி. விங்குகள் டேக்கை மூடி வைத்திருந்து, குறித்த நேரத்தில் எல்லோரும் ஒரே மூச்சில் கொட்டுகிறார்கள். முன்கூட்டியே கசிந்தால் வேகம் சிதறிப் புஸ்வாணம். யாராவது ஓர் எழுத்தை மாற்றி அடித்தால் கணக்கு இரண்டாக உடையும். 2018 ஏப்ரலில் பிரதமர் சென்னை வந்தபோது 'கோ பேக் மோடி' டிரெண்டானது. 2019 ஜனவரியில் மதுரை வந்தபோது அதே டேக் மறுபடி கிளம்ப, எதிர்த்தரப்பு 'டி.என். வெல்கம்ஸ் மோடி'யோடு தயாராக நின்றது. இரண்டு டேக்கும் ஒரே நாளில் பட்டியலில் ஏறியதே, ஆதரவு எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள் பார்ப்போம்!