நெல்லைப் போலவே நிற்கும் புல்

கேள்வி: ஐயா, நெல் நடவு முடிந்து 25 நாள் ஆகிறது. கைக்களை எடுத்துவிட்டோம். போன பருவத்திலும் ஒழுங்காகத்தான் எடுத்தோம். ஆனாலும் கதிர் வரும் நேரத்தில் வயல் முழுக்கக் குதிரைவாலிப் புல் தலை நீட்டியது. களை எடுத்தவர்கள் கண்ணில் எப்படிப் படாமல் போனது?

பதில்: களை எடுத்தவர்களைக் குறை சொல்லாதீர்கள். அவர்கள் கண்ணுக்குத் தப்பும்படியே மாறிவந்த புல் அது. வரப்பில் இருக்கும் குதிரைவாலிப் புல்லைப் பாருங்கள். பெரும்பாலும் அடித்தண்டு சிவந்திருக்கும், தூர்கள் சாய்ந்து படர்ந்திருக்கும். வயலுக்குள் இருப்பதோ பச்சைத் தண்டோடு நெல்லைப் போலவே நிமிர்ந்து நிற்கும். தலைமுறை தலைமுறையாக, வித்தியாசமாகத் தெரிந்ததையெல்லாம் நாம் பிடுங்கிப் போட்டோம். நெல் மாதிரி இருந்தது மட்டும் தப்பி விதை உதிர்த்தது. நமக்குத் தெரியாமலே நாமே அதற்கு விதைத்தேர்வு செய்திருக்கிறோம்! சீனாவின் யாங்சி ஆற்றுப் படுகைப் புற்களின் மரபணுவை ஆராய்ந்து 2019-ல் வெளியான ஆய்வு, இந்த வேடம் சுமார் 1000 ஆண்டுகளுக்கு முன் உருவானதாகச் சொல்கிறது. இதே போல, கோதுமை வயலில் களையாக இருந்த ரை என்ற புல்வகைத் தானியம், கோதுமையை ஒத்து ஒத்துக் கடைசியில் தானே பயிராகிவிட்டது என்று விளக்கியவர் ரஷ்ய அறிவியலாளர் நிக்கொலாய் வவிலோவ். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இதில் வியப்பு தீரவில்லை.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? ஓர் இளம் இலையை மெல்ல வெளிப்பக்கம் வளைத்து, அது தண்டைச் சுற்றிய உறையோடு சேரும் இடத்தைப் பாருங்கள். நெல்லில் அங்கே வெள்ளைச் சவ்வாக ஒரு நாக்கு இருக்கும். இரு பக்கமும் மயிர் முளைத்த சிறு காதுகள் இருக்கும். இந்தப் புல்லில் இரண்டுமே கிடையாது, மொழுக்கென்று இருக்கும். குனிந்து களை எடுப்பவர் யாரும் அவ்வளவு கிட்டத்தில் பார்ப்பதில்லை. அதனால் அந்த இடத்தை மறைக்க வேண்டிய தேவை அதற்கு வரவேயில்லை.

அடுத்த முறை நாற்றுப் பறிக்கும்போதே இதைப் பார்த்துக் கழியுங்கள். இந்தப் புல் நெல்நாற்றோடு ஒரே நாற்றுக்கட்டில் சேர்ந்து, நம் கையாலேயே நடப்பட்டுவிடுகிறது. அப்புறம், வரிசை நடவுக்கு மாறுங்கள். உருவத்தில் ஏமாற்றினாலும் வரிசைக்கு நடுவில் முளைத்தால் மாட்டிக்கொள்ளும். உழவுக்கு முன் நிலத்தை நனைத்து, களை முளைத்ததும் மடக்கி உழுவதும் நல்ல பலன் தரும். ஒரே களைக்கொல்லியை வருடக்கணக்கில் அடிக்காதீர்கள், அதற்கும் பழகிவிடும்.

இந்தப் பருவத்தில் தப்பியதைக் கதிர் எட்டிப் பார்த்ததுமே பிடுங்கி வயலுக்கு வெளியே போடுங்கள். நெல் அறுவடைக்கு வருவதற்குள் அது விதையைக் கொட்டிவிடும்.