கடல் மணப்பது எதனால்? – கேள்வி பதில்

கடற்காற்றின் மணத்தில் ஒரு பங்கு டைமெத்தில் சல்பைடு என்ற கந்தக வாயுவுடையது, அதற்குக் காரணம் மேற்பரப்பு நீரில் மிதக்கும் நுண்பாசிகள் (தாவர மிதவைகள்) என்று போன வாரம் எழுதியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர் நீளம் என்பதால் இனி டிஎம்எஸ்.

கே: மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். அந்த வாடைதான் இதுவா?

இல்லை. மீன் கெடும்போது அடிப்பது ட்ரைமெத்தில் அமீன். அதில் கந்தகமே கிடையாது. முட்டைக்கோஸை மூடிபோட்டு வேகவைத்துத் திறந்ததும் முகத்தில் ஒன்று அடிக்குமே, டிஎம்எஸ் அந்த ரகம். கடற்காற்றில் மிகவும் நீர்த்து வருவதால் இதமாக இருக்கிறது. ஆய்வகக் குப்பியைத் திறந்து மோந்து பார்த்தால் ஓடிவிடுவீர்கள்.

கே: இத்தனை சிறிய உயிரிக்கு எதற்கு இந்த நாற்றம் பிடித்த வேலை?

அது தயாரிப்பது டிஎம்எஸ்ஸை அல்ல, அதன் மூலப்பொருளான டிஎம்எஸ்பி என்ற சேர்மத்தை. ஒரு லிட்டர் கடல்நீரில் 2.7 கிராம் அளவுக்கு சல்பேட் கரைந்திருக்கிறது, கந்தகத்துக்குப் பஞ்சமில்லை. உப்பில் போட்ட மாங்காய் சுருங்குகிற மாதிரி செல்லும் நீரை இழந்து சுருங்காமலிருக்க, டிஎம்எஸ்பியை உள்ளே நிரப்பி வைத்துக்கொள்கிறது. வெயில் போன்ற நெருக்கடியில் செல்லைக் காக்கவும் அது உதவுகிறது என்று கருதுகிறார்கள்.

உயிரோடு நன்றாக இருக்கும் செல்லிலிருந்து இது அதிகம் வெளியே வராது. இவற்றைத் தின்னும் சிறு விலங்கு மிதவை ஒன்று கடித்து மெல்லும்போதோ, வைரஸ் தாக்கிச் செல் வெடிக்கும்போதோதான் கொட்டுகிறது. அப்போது பாசியின் நொதியும் பாக்டீரியாக்களும் அதை உடைக்க, டிஎம்எஸ் பிறக்கிறது. அதாவது, கடல் பலமாக மணக்கிறதென்றால் கீழே பந்தி நடக்கிறது. ஆனால் பிறந்ததில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் காற்றுக்குத் தப்புகிறது. மிச்சத்தை பாக்டீரியாவும் சூரிய ஒளியும் காலி செய்துவிடும்.

எல்லா மிதவைகளும் இதில் சமமல்ல. கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடுள்ள டயாட்டம் பாசிகள் பொதுவாகக் கஞ்சம். வட அட்லாண்டிக்கைப் பால் கலந்த நீலமாக்கி, செயற்கைக்கோள் படத்திலும் தெரியும் எமிலியானியா ஹக்ஸ்லேயி என்ற நுண்பாசி பெரிய வள்ளல். வடகடல் கரைகளில் நுரையாக ஒதுங்கும் ஃபியோசிஸ்டிஸும் அப்படியே.

கே: முதலில் கண்டுபிடித்தது யார்?

1948-இல் வேதியியலாளர்கள் ஃபிரெடரிக் சாலஞ்சரும் சிம்ப்சனும் ஒரு சிவப்புக் கடற்பாசியில் டிஎம்எஸ்பியை அடையாளம் கண்டார்கள். கடலிலிருந்து நிலத்துக்குக் கந்தகத்தைச் சுமந்துவருவது ஹைட்ரஜன் சல்பைடு என்று அப்போது நம்பினார்கள். பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜேம்ஸ் லவ்லாக் ‘ஷாக்கிள்டன்’ கப்பலில் போய்க் கடல்நீரை அளந்து, 1972-இல் அந்த இடத்தை டிஎம்எஸ்ஸுக்குக் கொடுத்தார்.

கே: இது மேகத்தை உண்டாக்கிப் பூமியைக் குளிர்விக்கிறது என்கிறார்களே?

பாதி உண்மை. காற்றுக்குப் போன டிஎம்எஸ் ஓரிரு நாளில் ஆக்சிஜனேற்றம் அடைந்து, அதில் ஒரு பகுதி கந்தக அமிலமாகி நுண்துகள்களாகிறது. அவற்றைப் பிடித்துக்கொண்டு நீராவி துளியாகலாம். துளிகள் கூடினால் மேகம் வெளுக்கும், வெயிலைத் திருப்பி அனுப்பும். 1987-இல் சார்ல்சன், லவ்லாக், ஆண்ட்ரியே, வாரன் நால்வரும் இதை ஒரு வட்டமாக்கினார்கள்: கடல் சூடானால் மிதவைகள் டிஎம்எஸ்ஸைக் கூட்டும், மேகம் வெளுக்கும், கடல் குளிரும். நால்வரின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘கிளா’ (CLAW) கருதுகோள் என்று பெயர்.

கேட்க அழகான கதைதான், எனக்கும் ஒரு காலத்தில் பிடித்திருந்தது. ஆனால் 2011-இல் குவின், பேட்ஸ் இருவரும் இதற்கு எதிராகச் சான்றுகளை அடுக்கினார்கள். கடலலை தெறிக்கும் உப்பும் கரிமப் பொருளும்கூட மேகக் கருக்களாகின்றன. சூடு கூடினால் டிஎம்எஸ் கூடியே ஆக வேண்டும் என்றும் இல்லை. அந்த வட்டத்தை இனி யாரும் அப்படியே தூக்கிப்பிடிக்கக் கூடாது என்பது என் கட்சி. அதற்காக டிஎம்எஸ்ஸை ஒதுக்கவும் முடியாது. ஆண்டுக்குச் சுமார் 2.8 கோடி டன் கந்தகம் இந்த வழியில் காற்றுக்குப் போகிறது. தொழிற்சாலைப் புகை அதிகம் எட்டாத தென்பெருங்கடலில் கோடையில் இதன் கை ஓங்கியிருக்கும்.

கே: பறவைகள் இதை மோப்பம் பிடிக்குமா?

பிடிக்கும். ஆய்வாளர் கேப்ரியெல் நெவிட் குழுவினர் தென் அட்லாண்டிக்கின் தெற்கு ஜார்ஜியா தீவுப் பக்கம் கடலில் டிஎம்எஸ் கலந்த தாவர எண்ணெயை ஊற்றிப் பார்த்தார்கள். பெட்ரல் என்ற கடற்பறவைகள் வந்து சேர்ந்தன. 1995-இல் அது வெளியானது. பந்தி நடக்கும் இடத்தில் சாப்பாடு இருக்கும் என்று அவற்றுக்குத் தெரிகிறது. வயிற்றெரிச்சல் என்னவென்றால், கடலில் சில வாரம் ஊறிய பிளாஸ்டிக்கும் இதே வாசனை அடிக்கிறது என்று 2016-இல் தெரியவந்தது.

கே: வேறொரு விண்மீனைச் சுற்றும் கே2-18பி கோளில் டிஎம்எஸ் இருந்தால் அங்கே உயிர் உண்டா?

அங்கே டிஎம்எஸ் இருக்கிறதா என்பதே இன்னும் சர்ச்சையில் இருக்கிறது. இருந்தாலும் போதாது: உயிரே இல்லாத 67பி வால்மீனிலும் டிஎம்எஸ் கிடைத்திருக்கிறது.

கே: கல்லூரி ஆய்வகத்தில் அளக்க முடியுமா?

கந்தகத்தை உணரும் கேஸ் குரோமட்டோகிராஃப் (வாயுக் கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) இருந்தால் முடியும். சாதாரணமாக லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம்கூடத் தேறாது. அதனால் நீரில் ஹீலியத்தைக் குமிழவிட்டு வாயுவை வெளியேற்றி, திரவ நைட்ரஜனில் குளிர்ந்த குழாயில் உறையவைத்துப் பிடித்து, பிறகு சூடாக்கிக் கருவிக்குள் விட வேண்டும். குப்பியை விளிம்புவரை நிரப்புங்கள், காற்றுக்குமிழி கூடாது. வடிகட்டும்போது பம்ப் போடாதீர்கள். நீர் தானாக இறங்கட்டும். அவசரப்பட்டு உறிஞ்சினால் செல்கள் உடைந்து, கடலில் நடக்காத பந்தியை வடிதாளில் நீங்களே நடத்திவிடுவீர்கள். என் முதல் கப்பல் பயணத்தில் இரண்டு நாள் அளவுகளைத் தூக்கிப் போட்டது இதனால்தான்.