நின்றுபோன மாடல் பிஸ்டலோடு டெல்லி வந்திருக்கும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். கோவையில் உங்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்த பெரியவர் தன்னுடைய ஹேமர்லி 208எஸ் பிஸ்டலை முறைப்படி உங்கள் லைசென்ஸில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார். வேலை கிடைத்து டெல்லிக்கு வந்துவிட்டீர்கள். அந்த மாடல் இப்போது உற்பத்தியில் இல்லை. ஜெர்மனியில் இருக்கும் அத்தை மகன் அடுத்த முறை வரும்போது மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் கூடு), ஸ்பிரிங், ஃபயரிங் பின் (தோட்டாவின் பின்புறத்தைத் தட்டும் ஊசி) எல்லாம் வாங்கி வருவதாகச் சொல்கிறார். "இப்போதே பத்து வருடத்துக்கு வாங்கிப் போட்டுவிடலாமா அக்கா? வீடு எந்தப் பக்கம் பார்க்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அத்தை மகனுக்கு இன்றே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அங்கே ஒரு மேகசினைக் கடையில் பணம் கொடுத்து வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்பதால் அவருக்கு அது சைக்கிள் செயின் மாதிரி ஒரு உதிரிப் பாகமாகத் தெரியும். இங்கே அப்படி இல்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 'ஆயுதம்' என்று சொல்லும்போது அதன் பாகங்களையும் சேர்த்தே சொல்கிறது. அதே சட்டத்தின் 10ஆம் பிரிவு, லைசென்ஸ் இல்லாமல் ஆயுதத்தை நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்கிறது. சிறு பாகங்களுக்கு 45ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு. அதைக் காட்டித்தான் பலர் தைரியம் சொல்வார்கள். அந்த வரியை முழுதாகப் படியுங்கள்: தன்னிடமோ வேறொருவரிடமோ இருக்கும் மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இல்லாத சிறு பாகங்களுக்குத்தான் விலக்கு. நீங்கள் வாங்குவதே உங்கள் பிஸ்டலில் போடுவதற்கு. அப்படியானால் அந்த விலக்கு உங்களுக்கு எப்படிப் பொருந்தும்? விமான நிலையத்தில் ஸ்கேனர் திரையில் மேகசின் தெரிந்த பிறகு இதையெல்லாம் விளக்கிக்கொண்டு நிற்பது அவர்தான், நீங்கள் இல்லை. கூரியரில் அனுப்பச் சொல்வதும் இதேதான்.

சரியான வழி ஒன்று இருக்கிறது, கொஞ்சம் பொறுமை வேண்டும். விளையாட்டு வீரர்கள் ஆயுதமும் பாகமும் இறக்குமதி செய்ய, தேசிய ரைஃபிள் சங்கம் வழியாகப் போகும் நடைமுறை உண்டு. எந்தத் தகுதியில் இருக்கும் வீரருக்கு எவ்வளவு என்பது நீங்கள் போட்டிகளில் எடுத்த மதிப்பெண்ணைப் பொறுத்தது. சங்கத்தின் தலைமையகம் இதே டெல்லியில்தான். அது நீங்கள் இங்கே வந்ததில் கிடைத்த பெரிய வசதி. உங்கள் மாநிலச் சங்க உறுப்பினர் அட்டை, போட்டிச் சான்றிதழ்கள், லைசென்ஸ் நகல் மூன்றையும் ஒரே கோப்பில் போட்டு நேரில் போய்க் கேளுங்கள். இன்னொரு வழி, லைசென்ஸ் உள்ள ஆயுத விற்பனையாளர். இந்த வழிகளில் எதில் வாங்கினாலும் பில்லில் பாகத்தின் பெயர், மாடல், உங்கள் லைசென்ஸ் எண் இருக்க வேண்டும். அந்த பில்லை பிஸ்டல் பெட்டியிலேயே வையுங்கள்.

கோவைக்காரர் என்பதால் இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்கிறேன். நம்ம ஊர் லேத் பட்டறையில் சாம்பிளைக் கொடுத்தால் எதையும் கடைந்து கொடுப்பார்கள், அந்தத் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஃபயரிங் பின்னையோ, சுட்ட தோட்டாவின் காலி உறையை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரையோ அங்கே செய்யச் சொன்னால் அது லைசென்ஸ் இல்லாத ஆயுத உற்பத்தி. 5ஆம் பிரிவு உற்பத்தியை மட்டுமல்ல, பழுது பார்ப்பதையும் சேர்த்துச் சொல்கிறது. பாவம், பட்டறைக்காரருக்குத் தான் செய்வது என்ன என்பதே தெரியாமல் வழக்கில் மாட்டுவார். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், எஃகின் பதம் சரியாக இல்லாத ஃபயரிங் பின் உடைந்து உள்ளே சிக்கினால் உங்கள் கைக்கும் பக்கத்து லேனில் நிற்பவருக்கும் ஆபத்து. மரக் கிரிப்பைச் செதுக்கிக்கொள்வது வேறு, அதைத் தாராளமாகச் செய்யுங்கள். ஒவ்வொருவர் கைக்கும் கிரிப்பைச் சரிசெய்தாகத்தான் வேண்டும்.

இப்போது உங்கள் உண்மையான கவலைக்கு வருகிறேன். ஹேமர்லி 1863இல் தொடங்கிய ஸ்விஸ் கம்பெனி, லென்ஸ்பர்க்கில் பேர் பெற்றது. 2006இல் ஜெர்மனியின் உமரெக்ஸ் குழுமத்துக்குப் போனது, வால்தர் என்ற துப்பாக்கிக் கம்பெனியும் அதே குழுமம்தான். 208எஸ்ஸை இன்று யாரும் செய்வதில்லை. இருக்கிற பாகம் இருக்கிற வரைக்கும்தான், வருடா வருடம் விலையும் ஏறும். அதனால் உங்கள் பயம் நியாயமானது. ஆனால் பயத்தில் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தேயாத பாகத்தை வாங்குகிறார்கள். பேரல் (குழல்) கிடைக்கிறது, ஸ்லைடு (சுடும்போது முன்னும் பின்னும் நகரும் பகுதி) கிடைக்கிறது என்று அலைகிறார்கள். உங்கள் பிஸ்டலில் போடும் பாயின்ட் டூ டூ (.22) குண்டு ஈயம், அழுத்தமும் குறைவு. நல்ல பேரலை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் உங்கள் விளையாட்டுக் காலத்தையும் தாண்டி உழைக்கும்.

தேய்வது எல்லாம் சின்னச் சின்ன சாமான்கள். முதலில் மேகசின். உங்களுடையதில் எட்டு ரவுண்டு (தோட்டா) போகும், போட்டியில் ஐந்துதான் ஏற்றுவோம். வாய்ப்பகுதியில் இருக்கும் அந்த இரண்டு மெல்லிய உதடுகள் கீழே விழுந்தாலோ அழுத்தி அழுத்தி ஏற்றினாலோ மயிரிழை விரியும். அப்புறம் குண்டு மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறும், ஜாம். நிறையப் பேர் பிஸ்டலைக் குறை சொல்லி எதையெதையோ மாற்றுகிறார்கள், குற்றவாளி ஒரே ஒரு மேகசின். ஒவ்வொன்றின் அடியிலும் பெயின்ட்டால் எண் போடுங்கள். எந்த எண்ணில் ஜாம் வந்தது என்று ஒவ்வொரு பயிற்சியிலும் குறித்துக்கொண்டே வந்தால் கொஞ்ச நாளில் உண்மை தெரிந்துவிடும். என் கணக்குப்படி நான்கு மேகசின் போதும். இரண்டைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டையும் போட்டிக்கும் அதற்கு முந்தைய வாரத்துக்கும் மட்டும் எடுங்கள். அதற்கு மேல் வாங்குவதைவிட ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று ஸ்பிரிங் வாங்குவது புத்திசாலித்தனம்.

மேகசினை ஏற்றியே வைத்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும் என்று ரேஞ்சில் சொல்வார்கள். தரமான ஸ்பிரிங் அமுங்கி இருப்பதால் அவ்வளவாகத் தளராது, அமுங்கி விரிந்து அமுங்கி விரிந்துதான் தளரும். ஆனாலும் ஏற்றிய மேகசின் வீட்டில் இருக்கவே கூடாது, அது ஸ்பிரிங்குக்காக இல்லை.

அடுத்தது ரீகாயில் ஸ்பிரிங் (பின்னால் போன ஸ்லைடை முன்னால் தள்ளுவது), ஃபயரிங் பின், எக்ஸ்ட்ராக்டரும் அதன் குட்டி ஸ்பிரிங்கும், டிரிகர் பக்கத்து ஸ்பிரிங்குகள். ஃபயரிங் பின் இரண்டு, எக்ஸ்ட்ராக்டர் ஒன்று, ஸ்பிரிங் வகையில் இரண்டு மூன்று செட். இவ்வளவுதான். டிரிகர் ஸ்பிரிங்கை அலட்சியமாக நினைக்காதீர்கள். 25 மீட்டர் ஸ்போர்ட் பிஸ்டலுக்கு டிரிகர் எடை குறைந்தது 1000 கிராம் இருக்க வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்தால் உங்களுக்குத் தெரியாமலே அது கீழே இறங்கும், போட்டி அன்று சோதனை மேசையில் எடையைத் தூக்காது. புதிய ஸ்பிரிங் போட்ட அன்றும் எடை வைத்துப் பாருங்கள். டிரை ஃபயர் (தோட்டா இல்லாமல் டிரிகரை இழுத்துப் பழகுவது) செய்வதற்கு முன், உங்கள் மாடலின் கையேடு என்ன சொல்கிறது என்று பாருங்கள். உங்களுடையது ரிம்ஃபயர், அதாவது தோட்டாவின் விளிம்பில் தட்டிச் சுடும் வகை. இந்த வகையில் தோட்டா உட்காரும் சேம்பர் வெறுமையாக இருக்கும்போது ஃபயரிங் பின் போய் விளிம்பை அடித்தால் பின்னும் கெடும், சேம்பர் விளிம்பும் நசுங்கும். அந்தச் சேம்பருக்கு மாற்று சுலபமாகக் கிடைக்காது.

கையேடு என்று சொன்னேன். பாகங்களைப் பிரித்துக் காட்டும் படமும் அதில் இருக்கும் எண்களும்தான் உங்களுக்கு இனி மேகசினைவிட மதிப்பு. நகல் எடுத்து வையுங்கள். 208, 208எஸ், 215 என்று ஒரே குடும்பத்தில் பல மாடல்கள் உண்டு. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்" என்பார். எண் பொருந்தினால் மட்டும் காசை எடுங்கள்.

பத்து வருடத்துக்கு வாங்கி வைக்கலாமா என்று கேட்டீர்களே, எல்லாப் பாகமும் பத்து வருடம் காத்திருக்காது. ரப்பர் காய்ந்து வெடிக்கும். ஏர் பிஸ்டலிலும் சுடுவதாக எழுதியிருந்தீர்கள். அதில் காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டருக்குப் பத்து வருடம்தான் ஆயுள், அதற்கு மேல் போட்டியில் அனுமதி இல்லை. நாள் முடியாமல் இருக்கிறதா என்று பார்ப்பது வீரரின் பொறுப்பு என்றே சர்வதேச விதி சொல்கிறது. பழைய ஸ்டாக் சிலிண்டரை மலிவாக வாங்கி அலமாரியில் வைத்தால் அலமாரியிலேயே அதன் காலம் முடிந்துவிடும். முதலில் அதில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள்.

இங்கே பாகங்களைப் பத்திரமாக வைப்பதும் கோவையில் மாதிரி சுலபம் இல்லை. அங்கே வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே தட்பவெப்பம். டெல்லியில் மே, ஜூனில் 45 டிகிரி, ஆந்தி என்று சொல்லும் புழுதிக்காற்று மூடிய ஜன்னலுக்குள்ளும் நுழையும். ஜூலையில் ஈரம். ஜனவரி காலையில் ஐந்து டிகிரிக்குப் பக்கம். குளிரில் இருந்த பிஸ்டலை ஹீட்டர் போட்ட அறைக்குள் கொண்டுவந்ததும் இரும்பின் மேல் நீர் பூக்கும், துடைக்காமல் பெட்டியில் வைத்தால் துருதான். கொஞ்ச நேரம் பெட்டியோடு வைத்து, பிறகு திறந்து துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசுங்கள். ஸ்பிரிங், பின் எல்லாம் எண்ணெய் தடவி, தனித்தனி ஜிப் கவரில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, மேலே பாக எண்ணும் வாங்கிய மாதமும் எழுதி வையுங்கள். குளிர்காலத்தில் கெட்டியான எண்ணெயை உபயோகிக்காதீர்கள். காலைப் பயிற்சியில் ஸ்லைடு சோம்பல் பிடித்த மாதிரி நகரும்.

வீடு விஷயம். தமிழர்கள் நிறைய இருக்கும் இடம் என்று மயூர் விகார், ஆர்.கே. புரம் எல்லாம் சொல்வார்கள். மலை மந்திர் என்னும் முருகன் கோயில் பக்கம் இருந்தால் மனசுக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் பயிற்சி செய்யப்போவது துக்ளகாபாத்தில் உள்ள டாக்டர் கர்ணி சிங் ரேஞ்சில். 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டியது, 2010 காமன்வெல்த்துக்காகப் புதுப்பித்தது. அங்கே மெட்ரோவில் போகலாம் என்று நினைக்காதீர்கள். டெல்லி மெட்ரோவில் ஆயுதம் எடுத்துப்போக முடியாது, ஒவ்வொரு வாசலிலும் சிஐஎஸ்எஃப் (மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை) சோதனை. பிஸ்டல் இல்லாமல் ஒரு மேகசினை மட்டும் பழுது பார்க்க எடுத்துப்போனாலும் எக்ஸ்ரேயில் நிறுத்துவார்கள். ஒரு ரவுண்டு பை மூலையில் மறந்து கிடந்தாலே போலீஸ் ஸ்டேஷன் வரை போகும். அதனால் கோவிந்த்புரி, கால்காஜி, சரிதா விகார் பக்கம் பாருங்கள், ஸ்கூட்டரிலோ காரிலோ போய்விடலாம். ரேஞ்சுக்கு ஒரு பை, ஆபீசுக்கு வேறு பை. இரண்டையும் எந்த அவசரத்திலும் மாற்றாதீர்கள்.

ரூம் மேட்டோடு தங்கும் பிஜி சரிவராது. சுவரில் போல்ட் போட்ட லாக்கர் வேண்டும், சாவி உங்களிடம் மட்டும். அது அமையும் வரை லைசென்ஸ் உள்ள விற்பனையாளரிடம் பாதுகாப்புக்குக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரிடம் மறைக்காதீர்கள், வாடகை ஒப்பந்தம் போடும் முன்பே லைசென்ஸைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். சிலர் மறுப்பார்கள், மறுக்கட்டும். பின்னால் தெரிந்து நடு மாதத்தில் காலி செய்யச் சொல்வதைவிட அது மேல். 30 நாளுக்கு மேல் இங்கே தங்கப்போகிறீர்கள் என்பதால் பழைய ஊர், புதிய ஊர் இரண்டு லைசென்சிங் அதிகாரிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். டெல்லியில் இந்த வேலை போலீசின் லைசென்சிங் பிரிவில். உங்கள் லைசென்ஸ் தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லுமா, நாடு முழுவதுமா என்று அதில் எழுதியிருக்கும், அதை முதலில் பார்த்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டது: இதை விட்டுவிட்டு இப்போது தயாராகும் மாடல் வாங்கிவிடலாமா? டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021இல் மனு பாக்கரின் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே பழுதானது நினைவிருக்கும். நேரம் போனது, 575 புள்ளியோடு 12ஆம் இடம். உலகத் தரத்திலிருந்த பிஸ்டல் அது, பின்னால் ஒரு குழுவே இருந்தது. அதே பெண் 2024இல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்றார். ஆக, புது மாடல் என்பதாலேயே பழுது வராது என்று இல்லை. உங்கள் 208எஸ் இன்னும் சில வருடம் தாராளமாக உழைக்கும். நான் சொன்ன சின்னப் பாகங்கள் கையில் வந்ததும், தேசியப் போட்டிக்குத் தகுதி பெறும் வரை அதிலேயே சுடுங்கள். இந்த ஊரில் ரவுண்டுக்குச் செலவழிக்கிற பணம்தான் உங்கள் மதிப்பெண்ணை ஏற்றும். தேசியப் போட்டிக்குத் தகுதி தரும் மாவ்லங்கர் போட்டியில் தகுதி வந்துவிட்டால் இறக்குமதிக்கான வழியும் சுலபமாகும், அப்போது புதியதை எடுங்கள். பழையதை விற்காமல் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம், விளையாட்டு வீரர்களுக்குத் தனி வரம்பு உண்டு. நீங்கள் எந்த வகையில் வருகிறீர்கள் என்பதைச் சங்கத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கர்ணி சிங் ரேஞ்சுக்கு ஞாயிறு காலை வந்தால் நான் 25 மீட்டர் பக்கம் இருப்பேன். உங்கள் மேகசின்களை எல்லாம் எடுத்து வாருங்கள் தம்பி, உதடு விரிந்தது எது என்று சேர்ந்து பார்த்துவிடலாம். லைசென்ஸின் அசல் பிரதி கையில் இருக்கட்டும்.